வாசல் ரூமும் மூன்று மணி நேரக் கேசட்டும்

இந்த வீட்டில் இனிமேல் எந்த உண்மையும் தன்னுடைய அனுமதி இல்லாமல் வெளியே வரக்கூடாது என்று, ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஜோசப்ராஜ் முடிவெடுத்தார்.

முடிவு பெரிது. எதிரி சிறிது. கறுப்பாக, அரைச் செங்கல் அளவில், பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் நாப்தலின் உருண்டைகளோடு இருபத்தெட்டு வருஷம் படுத்துக் கிடந்த அவருடைய கல்யாண வீடியோ கேசட்.

அதை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தவள் அவர் மனைவி விண்ணரசி. வைத்தது முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. வைத்த காரணம், வாசல் ரூம்.

பாபநாசத்தில் மெயின் ரோட்டைப் பார்த்த வீடு அவர்களுடையது. ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறினால் அந்த அறைதான். அதில் இப்போது ஒரு மருந்தடிக்கும் மெஷின், காற்று இறங்கிய சைக்கிள், போன சம்பாவுக்கு வாங்கி மிஞ்சிய சாக்குகள். விண்ணரசியின் இரண்டு தையல் மெஷின்களோ, அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில். இருபது வருஷமாக அங்கேதான் தைக்கிறாள். ஒரு பக்கம் தாளிப்பு தெறிக்கும். மறு பக்கம் குளிக்கிறவர் தெறிப்பார். போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் சாம்பார் பட்டுவிட்டது. துவைத்தாள், காயவைத்தாள், கறை போகவில்லை. அந்த இடத்தில் ஒரு மயிலை எம்பிராய்டரி போட்டு மறைத்தாள். பெண் வீட்டார் மயிலை மெச்சிக்கொண்டு போனார்கள். விண்ணரசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஜோசப்ராஜ், மத்தியானச் சாப்பாட்டின்போது, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எல்வின் உரக்கடை வைக்கிறானாம். வாசல் ரூமைக் கேட்டான். சரின்னுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வருவான், சாவி குடுத்துடணும்."

எல்வின் அவருடைய கடைசித் தம்பி. எதிரில் உட்கார்ந்து அவனும் மீன் முள்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எனக்குக் குடுத்த வாக்கு?" என்றாள் விண்ணரசி.

"எது?"

"நம்ம கல்யாண ரிசப்ஷன்ல, மைக்கப் பிடிச்சு சொன்னீங்களே. ஃபாதர் கேட்டாரு, 'மாப்பிள்ளை, பொண்ணுக்கு நீங்க என்ன செய்வீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க'ன்னு. நீங்க சொன்னீங்க, 'வாசல் ரூம் அவளுக்கு, அதுல தையல் கடை வெச்சுக் குடுப்பேன்'னு. ஐநூறு பேரு கை தட்டினாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"அப்ப ஐநூறு பேரு எதுக்குத் தட்டினாங்களாம்?"

"பந்தி தொடங்கிருச்சுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க."

இது இருபத்தெட்டு வருஷச் சண்டை. எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். அவள், "கேசட்டப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிடும்" என்பாள். அவர், "போட்டுப் பாரேன்" என்பார். வீட்டிலிருந்த, கேசட் ஓட்டும் வீடியோ டெக் எப்போதோ ஒரு ஐப்பசி இடியில் கருகிப்போய்விட்டது என்பதால் அவருக்கு அந்த வசனத்தைச் சொல்வதில் ஒரு பயமும் இருந்ததில்லை.

ஆனால் அன்றைக்கு விண்ணரசி எழுந்து போய் கேசட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் லின்சி கூரியரில் அனுப்பியது. அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கருவி. ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகலாம், மறு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வால்.

"கேசட்டு கம்ப்யூட்டருக்குள்ள போயிடுமாம். டெக்குக்கு கூத்தாநல்லூர் ஜெகபர் அலி அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்ததத் துணி சுத்தி வெச்சிருக்காராம். நாளைக்கு பஸ்ஸுல போட்டுவிடுறாரு." பிறகு கொழுந்தனைப் பார்த்துத் திரும்பினாள். "தம்பி, நீங்களே சாட்சி. கேசட்டுல இவுங்க சொன்னது கேட்டா ரூம் எனக்கு. கேக்கலன்னா உங்களுக்கு. நானே என் கையால சாவியத் தருவேன்."

"எனக்குச் சம்மதம் அண்ணி," என்றான் எல்வின். "அண்ணே, உங்களுக்கு?"

தம்பி முன்னால் என்ன சொல்ல முடியும்? "எனக்கென்ன பயம்?" என்றார் ஜோசப்ராஜ். முள் ஒன்று தொண்டையில் நின்றது.

பயத்துக்குக் காரணம் எளியது. அவர் சொல்லியிருந்தார். ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக், முன்னால் ஐநூறு தலை, கழுத்தில் மாலை. அன்றைக்குக் கை தட்டுவார்கள் என்றால் தஞ்சாவூர் அரண்மனையைக்கூட எழுதிக் கொடுத்திருப்பார். கேசட்டை மட்டும் அவர் முழுசாகப் பார்த்ததே இல்லை. கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் மஸ்கட்டுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு விமானம் ஏறிவிட்டார். வீடியோக்காரர் கேசட்டைத் தந்தது அதற்கப்புறம். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது ஒரு தடவை போட்டார்கள். கோயில் வாசல் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

அதனால்தான் திங்கட்கிழமை அந்த முடிவு. டெக் வந்து இறங்கியதும் அவர் முந்திக்கொண்டார்.

"நீ ஒண்ணையும் தொடாத. மூணு மாடி ஆஸ்பத்திரிக்கே ஏ.சி. போட்டவன் நான்."

"சரிங்க," என்றாள் விண்ணரசி. "தரை ஈரமா இருக்கு, செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க. பொசுக்குன்னு ஷாக் அடிச்சிடப் போவுது."

லின்சி காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப்பைத் திறந்து, கருவியைச் செருகி, மூன்று வாலையும் டெக்கின் பின்னால் குத்தினார். வேண்டுமென்றே 'இன்' என்று எழுதியிருந்த ஓட்டைகளில் குத்தினார். டெக் கேசட்டை விழுங்கி, கடகடவென்று ஏதோ மென்றது. திரை முழுக்க நீலம்.

"போச்சு," என்றார் துக்கமாக. "கேசட்டு செத்துப்போச்சு விண்ணரசி. அத்தனை வருஷம். ம்."

விண்ணரசி போனில் லின்சியைக் கூப்பிட்டாள். லின்சி ஏதோ சொன்னாள். விண்ணரசி டெக்கின் பின்னால் குனிந்து, மூன்று வாலையும் பிடுங்கி 'அவுட்' ஓட்டைகளில் குத்தினாள். நூல் கோர்க்கிற விரல். பார்க்காமலே குத்தியது.

படம் வந்துவிட்டது.

ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது. அதோடு உருண்டது. மாப்பிள்ளை, பெண், ஃபாதர், பீடச் சிறுவர்கள் எல்லோரும் வரிசையாகத் திரையின் மேல்பக்கம் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். போனவர்கள் கீழ்ப்பக்கமாக மறுபடியும் வந்து மறுபடியும் ஏறினார்கள்.

"ஏசு மோட்சத்துக்கு ஏறிப்போன திருநாள் மாதிரி இருக்கு," என்றாள் விண்ணரசி.

ஜோசப்ராஜுக்கு மனசு குளிர்ந்தது. இதை யாரும் சரி செய்ய முடியாது. சரி செய்ய முடியாததை இன்னும் கொஞ்சம் கெடுத்து வைத்தால் பத்திரம் என்று செவ்வாய்க்கிழமை அவருக்குத் தோன்றியது. விண்ணரசி மாவரைக்கப் போயிருந்த நேரம், லேப்டாப்பில் ஒரு பட்டியலைத் திறந்தார். இங்கிலீஷில் மூன்று எழுத்து, நான்கு எழுத்தாக ஏதேதோ இருந்தன. டிக் போட்டிருந்ததை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வேறொன்றை அமுக்கினார்.

படம் நின்றது. கலர் வந்தது. விண்ணரசியின் கூரைப்புடவை தக்காளி நிறத்தில் ஜொலித்தது.

ஜோசப்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கலர்தான். பழையபடி மாற்றலாம் என்று பட்டியலைத் தேடினார். எந்த வழியாக உள்ளே போனார் என்று தெரியவில்லை. அதற்குள் விண்ணரசி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ஏங்க! எப்படிங்க பண்ணீங்க?"

"எனக்கே... அதாவது, எனக்குத் தெரியும்."

லின்சி போனில் கத்தினாள். "சூப்பர்ப்பா! அமெரிக்கா சிஸ்டத்துல இருந்துச்சு, நம்ம ஊரு சிஸ்டத்துக்கு மாத்திட்டீங்க! பி.ஏ.எல்., பால்னு இருந்ததுதானே அமுக்கினீங்க?"

"பால்தான்," என்றார் ஜோசப்ராஜ்.

"பாலுக்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் விண்ணரசி.

"அதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

அவருக்கும் புரியவில்லை. மூன்று மாடி ஆஸ்பத்திரிக்கு ஏ.சி. போட்டபோதுகூட அவர் சரி செய்த எதுவும் இவ்வளவு சீக்கிரம் சரியானதில்லை.

புதன்கிழமை பூஞ்சை கைகொடுத்தது. ஆற்றங்கரைப் பக்கத்து வீடு, பீரோவில் ஈரம். கேசட்டின் சுருளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பெண் கோயிலுக்குள் நுழைகிற இடத்தில் திரை பாதிக்கு மேல் மணல் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. ஜோசப்ராஜ் பூஞ்சையைத் தன் பக்கத்து ஆளாகவே நினைத்தார். கூத்தாநல்லூருக்கு போன் போட்டார். ஜெகபர் அலி மஸ்கட்டில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர். அப்புறம் சிங்கப்பூர் போனவர். ஒளிவு மறைவு கிடையாது.

"ஜெகபர், பூஞ்சைக்கு என்னப்பா பண்ணணும்?"

"கேசட்டு மூடியத் தூக்கிட்டு, மெல்லிசுத் துணியால டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தொடைக்கணும். பொறுமை வேணும். அப்புறம் டெக்குக்குள்ள ஒரு உருளை இருக்கும். தாள்ல ஸ்பிரிட்டத் தொட்டு அதத் தொடைக்கணும். பஞ்சு வைக்காத, நூலு மாட்டிக்கும்."

"ஓகோ. இதெல்லாம் பண்ணலன்னா?"

"பண்ணலன்னா படம் வராது."

"ரொம்ப நன்றிப்பா," என்று போனை வைத்தார். ஒன்றும் செய்யக்கூடாது என்பது தெளிவாகிவிட்டது. செய்யாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமான வேலை இல்லை.

வியாழக்கிழமை அவர் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டு வந்தபோது, விண்ணரசி மூக்கில் துணி கட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ரவிக்கை லைனிங் துணி. மடியில் கேசட். விரலால் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, முழம் முழமாகத் துடைத்து, கடைசி முழத்துக்கு வந்திருந்தாள்.

"ஜெகபர் அண்ணன் எனக்கும் சொன்னாரு. உருளையையும் தொடச்சிட்டேன். நீங்க வந்து பாருங்க, ஓரத்துல மட்டும் கோடு விழுது."

ஓரத்துக் கோடு! அதையாவது வளர்த்துவிடலாம் என்று டெக்கில் 'ட்ராக்கிங்' என்று எழுதியிருந்த பொத்தானைப் பிடித்து, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் அமுக்கினார். கோடு கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. திரையை விட்டே போய்விட்டது. ஜோசப்ராஜ் பொத்தானைப் பார்த்தார். பொத்தானும் அவரைப் பார்த்தது போலிருந்தது.

"உங்க கைராசியே தனிங்க," என்றாள் விண்ணரசி.

ஓடவிட்டார்கள். கேசட்டை அவசரப்படுத்த முடியாது. மூன்று மணி நேரம் ஓடினால்தான் மூன்று மணி நேரம் கம்ப்யூட்டருக்குள் போகும். பத்தாவது நிமிஷம் ஜோசப்ராஜ் ஒன்றுக்குப் போகிற மாதிரி வெளியே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபிரிட்ஜ் அடங்கியது. மோட்டார் அடங்கியது. திரும்பி வந்தால் டெக் மட்டும் மங்களகரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போயிடுச்சே?" என்றார்.

"போவட்டுங்க. இன்வெர்ட்டர்ல போட்டுருக்கேன். இந்த ஊரு கரண்ட நம்ப முடியுமா?"

அவர் திரும்பப் போய் சுவிட்சை ஏற்றினார். ஏற்றும்போது அவருக்குத் தான் எந்தக் கட்சி என்பதே கொஞ்சம் குழம்பியது. கெடுக்கப் போனால் சரியாகிறது. சரியாகாது என்று விட்டால் இவள் சரியாக்குகிறாள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு, லேப்டாப்பே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று அணைந்துவிட்டது. அதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. அதுதான் வருத்தமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லின்சி அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மா, ஓடும்போது லேப்டாப்புல சத்தம் வராது. பயப்படாத, உள்ள பதிவாயிடும். ஆனா சத்தத்துக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல நான் அனுப்பின கருவி பேரு இருக்கணும். வேற எது இருந்தாலும் கேசட்டோட சத்தம் ஏறாது, தெரிஞ்சுக்கோ."

ஜோசப்ராஜ் ஷேவிங் பிரஷ்ஷோடு நின்றார். ஐந்து நாளாகப் படத்தோடு மல்லுக்கட்டியது எவ்வளவு முட்டாள்தனம்! படம் தாராளமாக வரட்டும். ஃபாதர் வரட்டும், மாலை வரட்டும், மைக்கே வரட்டும். வாய் அசையும். சத்தம் மட்டும் இருக்காது. 'கேசட்டில் கேட்டால்' என்றுதானே பந்தயம்?

விண்ணரசி குளிக்கப் போனதும் பட்டியலைத் திறந்தார். இரண்டே பெயர்தான். முதலாவது கருவியின் பெயர். இரண்டாவது ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர், எம் எழுத்தில் தொடங்கியது. அதை அமுக்கினார். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கம்பி துடித்தது. அவர் இருமினார். கம்பி துள்ளியது.

'வோல்டேஜ் ஏறி இறங்குது,' என்று நினைத்துக்கொண்டார்.

விண்ணரசி ஈரத்தலையில் துண்டோடு வந்தாள். "நான் ஜெபக்கூட்டத்துக்குப் போறேங்க. நீங்க ஓட விட்டுட்டு எந்திரிக்காம பக்கத்துலயே உக்காந்திருங்க. மறுபடி அணைஞ்சிடப் போவுது." சொல்லிவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

கம்பி துள்ளியது.

"ஒண்ணுமில்லங்க. கதவச் சாத்திட்டுப் போறேன். ரோட்டுச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்."

எவ்வளவு அனுசரணையான மனைவி என்று ஜோசப்ராஜுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. கொஞ்சம்தான்.

மூன்று மணி நேரம். அவரும் ஊமைக் கல்யாணமும். முதல் பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார். அப்புறம் ஜெகபர் அலிக்கு போன் போட்டார். பேச ஆள் இல்லாமல் மூன்று மணி நேரம் இருக்கிற மனிதர் அவர் இல்லை.

"ஜெகபர், சத்தத்த ஒழிச்சிட்டேன்பா! படம் மட்டும் ஓடுது. நீ ஒண்ணு பண்ணு, நாளைக்கே வந்து டெக்கத் தூக்கிட்டுப் போயிடு. மறுபடி ஓட்டிப் பாக்கணும்னு இவ கேக்கக் கூடாது."

"பாவம்பா," என்றார் ஜெகபர் அலி அந்தப் பக்கம். "அந்தப் பொண்ணு கேக்குறது ஒரு ரூம்தானே. உன் தம்பி என்னத்தக் கடை வெச்சுக் கிழிக்கப் போறான்?"

"அதச் சொல்லு. அவன் கடை ஆறு மாசம் தாங்காது. காலையில பத்து மணிக்கு எந்திரிக்கிறவனுக்கு எவன் வருவான் உரம் வாங்க? ஆனா தம்பிகிட்ட சொல்லிட்டேன், இப்ப மாத்தினா பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்னு சொல்லுவான்... இதோ மாமியார் வந்தாச்சு. அழுவுறாங்க பாரு. கைக்குட்டைய எடுத்துக் கேமராவப் பாத்துட்டு அழுவுறாங்க. முழு நடிப்பு!"

அப்புறம் வெயில் ஏறியது. ஒரு ஏப்பம் விட்டார். பழைய பக்திப் பாட்டு ஒன்றைப் பாதி முனகினார். கோயிலுக்குள் இருபத்தொரு வயது விண்ணரசி தலையைக் குனிந்துகொண்டு மோதிரத்துக்குக் கையை நீட்டினாள். விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள் அப்போதே இருந்தன. அதை அவர் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் என்னவோ போலிருந்தது. பட்டியலைத் திறந்து மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு தம்பி ஞாபகம் வந்தது.

இரண்டு மணி பத்து நிமிஷத்தில் ரிசப்ஷன் மேடை. மறுபடியும் ஜெகபர் அலி.

"வந்துடுச்சுப்பா! ஃபாதர் மைக்க நீட்டுறாரு. நான் வாங்குறேன். மாலையச் சரி பண்றேன், பாரு அலட்டல... இதோ வாயத் தொறக்குறேன். 'வாசல் ரூம் என் மனைவிக்கு! அதுல நானே தையல் கடை வெச்சுக் குடுப்பேன்! இது சத்தியம்!' அச்சு அசலா அதேதான்பா சொல்றேன், வாய் அசையுறதப் பாத்தாலே தெரியுது. ஐநூறு பேரும் தட்டுறாங்க. ஒரு சத்தம் இல்ல! ஊமைப் படம்!"

"நீ சத்தியமே பண்ணியிருக்கியாப்பா?" என்றார் ஜெகபர் அலி.

"பண்ணினேன்பா. யாரு கண்டா இவ ஞாபகம் வெச்சிருப்பான்னு."

பச்சைக் கம்பி சந்தோஷமாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

ஓடி முடிந்ததும் ஆரம்பத்திலிருந்து இரண்டு நிமிஷம் போட்டுச் சோதித்தார். மாதா படம், பூ, அவருடைய பெயரும் அவள் பெயரும். சத்தம் என்று பார்த்தால் 'கிர்ர்' என்று மின்விசிறி மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். பூஞ்சையின் சத்தமாக இருக்கும். நிம்மதியாக மூடினார். சனிக்கிழமை ஜெகபர் அலி வந்து டெக்கைத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது விண்ணரசி அவருக்கு ஒரு பை நிறைய வாழைப்பூவும், அவர் வீட்டுக்காரிக்குத் தைத்த இரண்டு ரவிக்கையும் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்வின் வந்தான். கடைக்குப் பெயர்ப் பலகை அடிக்க அளவு நாடாவே கொண்டுவந்திருந்தான். டி.வி.யில் பென் டிரைவைச் செருகினாள் விண்ணரசி. ஜோசப்ராஜ் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"படம் நல்லா வந்திருக்குடா. சத்தம்தான் பாவம், பூஞ்சை தின்னுடுச்சு. நாம என்ன பண்ண முடியும்?"

"ஒரு தடவ பாத்துடலாமே," என்றாள் விண்ணரசி.

பூ வந்தது. பெயர் வந்தது. மின்விசிறி இரைந்தது. மணமகள் காரிலிருந்து இறங்கினாள். திடீரென்று டி.வி. பேசியது.

"ஜெகபர், சத்தத்த ஒழிச்சிட்டேன்பா!"

ஜோசப்ராஜின் நீட்டிய கால் தானாக மடங்கியது. எம் எழுத்தில் தொடங்கிய அந்த நீளமான பெயர், லேப்டாப்பின் சொந்த மைக்.

திரையில் இருபத்தேழு வயது ஜோசப்ராஜ் கோட்டு சூட்டில் பணிவாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். மேலே ஐம்பத்தைந்து வயது ஜோசப்ராஜின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "அவன் கடை ஆறு மாசம் தாங்காது. காலையில பத்து மணிக்கு எந்திரிக்கிறவனுக்கு எவன் வருவான் உரம் வாங்க?"

எல்வின் அளவு நாடாவைச் சுருட்டினான். "அண்ணே. யாருண்ணே அது பத்து மணிக்கு எந்திரிக்கிறவன்?"

"அது... நான் இல்லடா. கேசட்டுல யாரோ..."

"கேசட்டுல எங்கண்ணே என் கடை? அப்ப நான் எட்டாவது படிச்சேன்."

மாமியார் கைக்குட்டையை எடுத்தார். "முழு நடிப்பு!" என்றது டி.வி. ஃபாதர் இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வதித்தார். நீளமாக ஒரு ஏப்பம் கேட்டது. ஜோசப்ராஜ் ரிமோட்டைத் தேடினார். அது விண்ணரசியின் மடியில் இருந்தது.

"அந்த இடத்துக்குப் போவோமா?" என்று அவள் ஓட்டினாள்.

மேடை. மாலை. மைக். இளைய ஜோசப்ராஜ் வாயைத் திறந்தார். மூத்த ஜோசப்ராஜின் குரல், வாயசைவுக்கு அணுவளவும் பிசகாமல், முழங்கியது:

"வாசல் ரூம் என் மனைவிக்கு! அதுல நானே தையல் கடை வெச்சுக் குடுப்பேன்! இது சத்தியம்!"

ஐநூறு பேர் சத்தமில்லாமல் கை தட்டினார்கள். ஆறுதலுக்கு, "பண்ணினேன்பா. யாரு கண்டா இவ ஞாபகம் வெச்சிருப்பான்னு" என்றும் கேட்டது.

எல்வின் எழுந்தான். "அண்ணி, ரூம் உங்களுக்குத்தான். நான் கடைவீதியில பாத்துக்கறேன். காலையில ஆறு மணிக்கே எந்திரிச்சுப் பாத்துக்கறேன்." அண்ணனைப் பார்க்காமல் படி இறங்கினான்.

அன்று மத்தியானமே சாக்கும் சைக்கிளும் மருந்தடிக்கும் மெஷினும் கொல்லைக்குப் போயின. எல்லாவற்றையும் தூக்கியது ஜோசப்ராஜ்தான். இரண்டு தையல் மெஷினையும் ரோட்டைப் பார்க்கப் போட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தோற்றாலும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் விண்ணரசி. சத்தம் ஒழுங்கா ஏறியிருந்தாலும் கேசட்டுல என் பேச்சு கேட்டிருக்கும். எப்படியும் நீதான் ஜெயிச்சிருப்ப. நான் தொட்டதால ஒண்ணும் கெட்டுப்போயிடல."

விண்ணரசி நிமிர்ந்து பார்த்தாள். "கேசட்டுல ஏதுங்க உங்க பேச்சு? ரிசப்ஷன் ஆரம்பிச்சதுலேருந்து முடியிற வரைக்கும் வீடியோக்காரர் சினிமாப் பாட்டுப் போட்டு மூடிட்டாரு. நீங்க பேசினது ஒரு எழுத்து கேக்காது. அம்மா வீட்டுல நாப்பது தடவ பாத்திருக்கேன்."

கும்பகோணம் பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

"அப்ப நான் எதையும் தொடாம சும்மா இருந்திருந்தா?"

"ரூம் எல்வின் தம்பிக்குத்தான்."

"அது தெரிஞ்சுமா பந்தயம் கட்டின?"

விண்ணரசி ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களையும்தான் எனக்குத் தெரியுமேங்க."